அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒருவர்

லாக் சாங் ஊரில் சேவலுக்கு முன்னால் கம்பம் கூவிவிடும். காலை ஐந்தரை ஆனால் போதும், கம்பத்து உச்சியில் இருக்கும் நாலு குழாய் ஒலிபெருக்கியும் ஒன்றாகத் தொண்டையைச் செருமும். பிறகு நெல் விலை, கோழிக் காய்ச்சல் ஊசி, யார் வீட்டு எருமை காணாமல் போனது, யார் செத்தார், கட்சி இன்றைக்கு என்ன சொல்கிறது, எல்லாம் வரிசையாக வரும். வேண்டாம் என்று யாரும் காதைப் பொத்திக்கொள்ள முடியாது. ஊருக்கு இது ஒரு மடங்கு தொல்லை என்றால் லுவாவுக்கு மூன்று மடங்கு, ஏனென்றால் கம்பம் நிற்பதே அவள் வீட்டு முற்றத்தில். அவளுடைய அப்பா தியெம் தன் கையால் செங்கல் பரப்பிய முற்றம் அது. நடுவில் குழி தோண்டிக் கம்பம் நட்டவர்கள் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு தடவை குழாய்க்குள் மைனா கூடு கட்டி நாலு நாள் சத்தமே வராமல் போனது. லுவா அந்த மைனாவுக்குத் தினமும் ஒரு பிடி சோறு வைத்தாள்.

லுவாவுக்கு அறுபத்தொரு வயது. டோஃபு போட்டு விற்கிறாள். தேத் புத்தாண்டுப் பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது டோஃபுக்காரிக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அப்படிப்பட்ட ஒரு வியாழக்கிழமை, கொதிக்கும் சோயாப்பாலில் புளித்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் கம்பம் அந்தச் செய்தியைச் சொன்னது.

"கட்சியின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, நமது ஊர்க் கட்சிக் குழுவின் வரலாறு நூலாக வெளிவந்துள்ளது. வரும் திங்கள் முதல் வியாழன் வரை, நாளுக்கு ஓர் அத்தியாயமாக வாசிக்கப்படும். பொதுமக்கள் செவிமடுக்கவும்."

லுவாவின் கை சாய்த்தபடியே நின்றுவிட்டது. புளித்த தண்ணீர் கூடிப்போய் ஒரு பானைப் பால் மொத்தமும் மணல் மணலாகத் திரிந்தது. வரலாறாம்! இவர்கள் வரலாறு எழுதினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கா தெரியாது?

கொஞ்ச நேரத்தில் முய் வந்தாள். கம்பத்தில் கேட்கிற குரல் இவளுடையதுதான். ஊர் அலுவலகத்தில் ஒப்பந்தச் சம்பளத்துக்கு ஒலிபரப்பு வாசிக்கிறவள், நாற்பத்தைந்து வயது, வாய் ஓயாதவள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னடி, தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்ல பெரியம்மா. நாலு கட்டி குடுங்க. அப்புறம்…" முய் கைப்பையிலிருந்து சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். "வாசிச்சுப் பழக எனக்கு முன்னாடியே ஒண்ணு குடுத்தாங்க. மூணாவது அத்தியாயத்துல உங்க அப்பா வர்றாரு. கம்பத்துல திடீர்னு கேட்டு நீங்க மயங்கி விழக் கூடாதுன்னுதான் கொண்டாந்தேன்."

"எப்படி வர்றாரு?"

முய் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அறுபத்தொன்றாம் பக்கம், ஒன்பதாவது வரி. 'கொடிய நிலப்பிரபு தியெம் என்பவனை மக்கள் மேடைமுன் நிறுத்திக் கணக்குத் தீர்த்தனர். அவனுடைய பதினொரு வயது மகளே விழிப்புற்று மேடையேறி, அவனை டேய் என்று விளித்து அவன் குற்றங்களை அம்பலப்படுத்தினாள்.'

லுவா அதை மூன்று தடவை வாசித்தாள். என்பவன். அவன். அவனுடைய. பிறகு முதல் அத்தியாயத்தைப் புரட்டினாள். 1946இல் ஊரின் முதல் கட்சிக் கிளை ஒரு வீட்டு நெற்குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து தொடங்கப்பட்டதாம். மூன்று பேராம். இரண்டு பேருக்குப் பெயர் போட்டு, முன்னால் தோழர் என்று போட்டிருந்தது. மூன்றாமவர் 'மற்றொருவர்'. அந்த நெற்குதிர் இப்போதும் லுவாவின் கொல்லையில் இருக்கிறது. அந்த மற்றொருவர் யார் என்று ஊரில் தெரியாத ஆளில்லை. கடைசிப் பக்கத்தில் தியாகிகள் பட்டியல். அதில் தெற்கே நடந்த போரில் செத்துப்போன லுவாவின் கணவன் பெயர் முழு மரியாதையோடு இருந்தது. ஒரே வீட்டில் மருமகன் தியாகி, மாமனார் என்பவன்.

"முய், எனக்கு ஒரு உதவி செய். வாசிக்கும்போது அவன்னு வர்ற இடத்துல அவர்னு வாசிச்சிடு. ஒரு எழுத்துதான்."

"ஐயோ பெரியம்மா, நான் வாசிக்கிறவ. தாள்ல இருக்கிறததான் வாசிப்பேன். மாத்தி வாசிக்க எனக்கு என்ன அதிகாரம்? ரெண்டு பிள்ளைங்களப் படிக்க வைக்கிறேன்."

லுவா அவளைக் குறை சொல்லவில்லை. புதன்கிழமை காலைக்குள் அந்த வரியை மாற்றியாக வேண்டும், அவ்வளவுதான் அவள் மனதில் ஓடியது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மேடையில் ஒரு தடவை சொன்னது போதாதா? தன் முற்றத்திலேயே நாலு குழாயில் இன்னொரு தடவை கேட்க வேண்டுமா?

அந்தக் கதையை லுவா யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஊருக்குப் பாதி தெரியும், நான் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தைந்தில் நிலச் சீர்திருத்தக் குழு ஊருக்குள் வந்தது. லாக் சாங்கில் ஐந்து நிலப்பிரபுக்கள் இருக்க வேண்டும் என்று கையில் எண்ணிக்கையோடு வந்தார்கள். சல்லடை போட்டுச் சலித்தும் நாலு பேர்தான் தேறினார்கள். ஐந்தாவது ஆளுக்குப் படாத பாடு பட்டபோது செங்கல் முற்றம் வைத்த ஒரு வீடு கண்ணில் பட்டது. தியெம் கட்சிக்காரர், கட்சிக்கு வீட்டைக் கொடுத்தவர், பித்தளைப் பாத்திரம் அத்தனையும் துப்பாக்கிக் குண்டுக்கு உருக்கக் கொடுத்தவர் என்று சொல்லிப் பார்த்தார்கள். அப்படியென்றால் கட்சிக்குள் ஊடுருவிய நிலப்பிரபு, இன்னும் ஆபத்தானவன் என்று முடிந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்!

குழுவுக்கு உள்ளூரில் வலது கையாக இருந்தவன் குயெத். பத்தொன்பது வயது, பன்றி மேய்த்துக்கொண்டிருந்தவன். லுவாவைத் தாயிடமிருந்து பிரித்து மூன்று நாள் ஒரு கிடங்கில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தது அவன்தான். வழக்கம்போல அப்பாவை ஐயா என்று சொன்னால் புறங்கையில் மூங்கில் குச்சி. டேய் என்று சொன்னால் ஒரு பொரி உருண்டை. லுவா பொரி உருண்டையைத் தின்றாள். பதினொரு வயது, பசி, தின்றாள். அதற்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

நாலாம் நாள் ஊர்ப் பொதுமண்டபத்து முன்னால் மேடை. கீழே மண்ணில் முழங்காலிட்டுக் கை கட்டப்பட்டு தியெம். அந்த நாளில் ஒரு விதி இருந்தது. மேடையில் நிற்கிறவர் ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தாலும் குற்றவாளி அவரை ஐயா, அம்மா என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும், தன்னை அடியேன் என்று சொல்ல வேண்டும். லுவாவை மேடையில் தள்ளிவிட்டார்கள்.

"டேய் தியெம்! எனக்குச் சோறு போடாம பன்னிக்குப் போட்டியா இல்லையாடா?"

தியெம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். "ஆமாம்மா," என்றார்.

குழுத் தலைவன் துப்பாக்கிக் கட்டையால் அவர் தோளில் இடித்தான். "மரியாதை எங்கடா போச்சு?"

"ஆமாங்கம்மா," என்றார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு 'ங்க'. வீட்டில் அவர் மகளைக் கூப்பிடுவதே அம்மா என்றுதான். ஐயா பசிக்குது என்றால் ஆமாம்மா, இதோ வந்துட்டேம்மா என்பார். முதல் ஆமாம்மா மகளுக்கு, இரண்டாவது மேடைக்கு. லுவாவுக்கு அது அந்த நொடியே விளங்கிவிட்டது. விளங்கியும் இரண்டாவது குற்றச்சாட்டைச் சொன்னாள், மூன்றாவதையும் சொன்னாள். அன்று சாயங்காலம் செங்கற்சூளைக்குப் பின்னால் அவரைச் சுட்டார்கள்.

அதற்குப் பிறகு ஐயா என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. திதி நாளில் அம்மா ஊதுபத்தி ஏற்றி அழுவாள். லுவா பக்கத்தில் ஊமையாக நிற்பாள். யாராவது கேட்டால் "எங்க வீட்டு ஆம்பள" என்பாள், "அம்மாவோட வீட்டுக்காரர்" என்பாள். அந்த ஒரு சொல்லை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விடுவாள்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒருவன் சைக்கிளில் வந்து ஒரு தாளை நீட்டினான். தவறாக வகைப்படுத்தப்பட்டது, நடுத்தர விவசாயி எனத் திருத்தப்படுகிறது, கட்சி உறுப்புரிமை மீட்கப்படுகிறது. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. லுவாவின் அம்மா சைக்கிளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மீட்டுட்டீங்களா? எங்க, கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

தாளில் திருத்தினார்களே தவிர ஊரில் திருத்தவில்லை. பள்ளிக்கூடத்தில், கூட்டுப் பண்ணையில், கல்யாணப் பதிவில், எந்தப் படிவத்திலும் குடும்பப் பின்னணி என்று ஒரு கட்டம் இருக்கும். லுவாவுக்கு அதில் 'நிலப்பிரபு (திருத்தப்பட்டது)' என்று எழுதினார்கள். அந்த அடைப்புக்குறியோடு அவள் நாலாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. அடைப்புக்குறியைப் பொருட்படுத்தாத ஒரே ஆள் அவளைக் கட்டிக்கொண்டான், அவனையும் போர் கொண்டுபோனது. டோஃபு போட்டு ஒரு மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். இதுதான் லுவா.

வெள்ளிக்கிழமை அவள் அந்தப் பழைய தாளை எடுத்துக்கொண்டு ஊர் அலுவலகத்துக்குப் போனாள். செயலாளர் பாங் நாற்பது வயதுக்காரர், மேசையில் இரண்டு கைப்பேசி, வாய் நிறையத் தேன்.

"வாங்க அத்தை, உக்காருங்க. தியாகி குடும்பம் நீங்க, சொல்லி அனுப்பிச்சா நானே வந்திருப்பேனே."

"கேக்காமலே வந்த கம்பம் மாதிரியா?"

பாங் சிரித்து மழுப்பினார். தாளை வாசித்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தாள் சரியாத்தான் இருக்கு அத்தை. ஆனா முந்நூறு பிரதி அச்சாயிருச்சு. மாவட்டத்துல ஒப்புதல் ஆன வரலாறு. நான் எப்படி மாத்துறது?"

"புத்தகத்தை மாத்த வேண்டாம். பிழை திருத்தம்னு ஒரு துண்டுத் தாள் ஒட்டுவீங்கல்ல? அதுல ஒரு வரி. தியெம் என்பவன்னு இருக்கிறத தோழர் தியெம்னு படிக்கணும். கட்சியே மீட்ட தோழர்தானே?"

"ஒட்டலாம். ஆனா தொகுத்தவர் கையெழுத்து வேணும். குயெத் பெரியவரப் பாத்துப் பேசுங்க. மூலத்தாளை இங்க குடுத்துட்டுப் போங்க அத்தை, மாவட்டத்துக்கு அனுப்புறேன்."

"மூலத்தைக் குடுக்க எனக்கென்ன பைத்தியமா? நகல் எடுத்துக்கங்க."

ஆமாம், வரலாற்றைத் தொகுத்தவர் அதே குயெத்துதான். பன்றி மேய்த்தவர் கூட்டுப் பண்ணைத் தலைவராகி, பிறகு இருபது வருஷம் கட்சிச் செயலாளராகி, இப்போது ஓய்வில் இருந்துகொண்டு வரலாறு எழுதுகிறார். லுவா அவர் வீட்டுப் படி ஏறியதே இல்லை. ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கட்டில். கருமரத்துப் பெரிய கட்டில், காலில் வவ்வால் செதுக்கல், ஒரு மூலையில் சின்ன வெட்டு. சின்ன வயதில் அரிவாளை வைத்துக்கொண்டு விளையாடியபோது அவள் போட்ட வெட்டு. தியெம் வீட்டிலிருந்து பறித்ததை எல்லாம் ஊருக்குப் பங்கு வைத்தார்களே, அந்தப் பங்குக்குப் பழம் என்று பெயர். போராட்டத்தின் பழமாம். குயெத்துக்குக் கிடைத்த பழம் அந்தக் கட்டில். அதில்தான் சம்மணமிட்டு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அடடே லுவாவா! வா வா, உக்காரு."

"வேண்டாம், நிக்கிறேன். உங்க பழம் இன்னும் அழுகலை போல?"

குயெத் கட்டிலைத் தடவிக்கொடுத்தார். "பழைய பேச்சு எதுக்கு? பாங் போன் பண்ணினான். தோழர்னு போடணுமாம்ல? அதெல்லாம் ஆகாது. நடந்ததத்தான் எழுதியிருக்கேன்."

"தப்பா வகைப்படுத்தினோம்னு உங்க கட்சியே எழுதிக் குடுத்துச்சே, அது நடக்கலையா? அதை எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க?"

"எழுபதாம் பக்கத்துல இருக்கு. சில குறைபாடுகள் உரிய காலத்தில் களையப்பட்டனன்னு."

"எங்க வீட்டு ஆளு உங்களுக்குக் குறைபாடா?"

"இங்க பாரு லுவா." குயெத்தின் குரல் மாறியது. "தோழர்னு ஒரு சொல் போடுறது பெருசு இல்ல. போட்டா, ஒரு தோழரை யாரு சுட்டாங்கன்னு அடுத்த வரியில எழுதணும். யாரு உத்தரவு போட்டாங்க, யாரு கூட்டிட்டுப் போனாங்க, எல்லாம் எழுதணும். இந்த வருஷத்தோட கட்சியில எனக்கு அம்பது வருஷம், வியாழக்கிழமை விழாவுல முன்கூட்டியே பதக்கம் குத்துறாங்க. என் கட்சி வயசு எந்த மாசத்துல தொடங்குதுன்னு உனக்குத் தெரியும்."

தெரியாமலா? லாக் சாங்கில் கட்சிக்காரனுக்கு இரண்டு வயசு. பிறந்ததிலிருந்து ஒன்று, சேர்ந்ததிலிருந்து ஒன்று. குயெத் சேர்ந்தது தியெமைச் சுட்ட அதே மாசம். சேர்த்துக்கொண்டதே அந்த வேலைக்குக் கூலியாகத்தான்.

"உனக்காக ஒண்ணு செய்றேன்," என்றார் குயெத், பெரிய மனசு பண்ணுகிறவர் போல. "உன்னைப் பத்தின வரியை எடுத்துடச் சொல்றேன். மேடையில டேய்னு சொன்னது நீ. நான் சொல்லல. உன் மானத்தைக் காப்பாத்துறேன், பேசாம போ."

லுவா கட்டிலை நோக்கி ஓரடி வைத்தாள். "நான்தான் சொன்னேன். பொரி உருண்டைக்குச் சொன்னேன். அதை எழுதுங்க, தாராளமா எழுதுங்க. பொரி உருண்டையை யாரு குடுத்ததுன்னும் எழுதுங்க. அதை மட்டும் ஏன் விட்டீங்க? ஒரு பதினோரு வயசுப் பொண்ணுக்கு அவ அப்பனைக் கூப்பிடுற சொல்லைப் புடுங்கிட்டு, அதுக்கு விழிப்புன்னு பேரு வைக்கிறீங்களே, வாய் கூசலையா உங்களுக்கு?"

"வயசானா வாய் நீளுது," என்றார் குயெத்.

"உங்களுக்குக் கட்டில் நீண்டுச்சு, எனக்கு வாய் நீளுது," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். 

திங்கட்கிழமை கம்பம் முதல் அத்தியாயத்தை வாசித்தது. மற்றொருவர் என்று வந்தபோது லுவா அரவைக் கல்லை வேகமாகச் சுற்றினாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் முய் ஓடி வந்தாள்.

"பெரியம்மா, திருத்தம் வந்துருச்சு! ஒட்டித் தந்திருக்காங்க!"

விரலளவு வெள்ளைத் தாள். லுவா கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். 'பிழை திருத்தம். பக்கம் 61, வரி 9: "கொடிய நிலப்பிரபு தியெம் என்பவனை" என்பதை "ஒருவரை" என வாசிக்கவும். வரி 10: "அவனுடைய" என்பதை "அந்த ஒருவரின்" எனவும், "அவனை", "அவன்" என்பவற்றை "அவரை", "அவர்" எனவும் வாசிக்கவும்.'

"அவன் போயிருச்சு பெரியம்மா. அவர் ஆயிடுச்சு," என்றாள் முய், பாவம், ஆறுதலாக.

"பேரு எங்கடி?"

முய் அந்தத் துண்டை மறுபடி வாசித்துப் பார்த்தாள்.

"மரியாதை கேட்டேன், மரியாதையைக் குடுத்துட்டுப் பேரை எடுத்துக்கிட்டாங்க. நேத்து மற்றொருவர், நாளைக்கு ஒருவர். டேய் தியெம்னாவது அன்னிக்கு நான் பேரைச் சொன்னேன். இந்தப் பாவிங்க அதையும் விட்டு வைக்கலையே!" லுவா அந்த மணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை, வெறும் ஆத்திரம். திட்டினாள். குயெத்தைத் திட்டினாள், பாங்கைத் திட்டினாள், கட்சியை அதன் எழுபத்தைந்து வயசோடு சேர்த்துத் திட்டினாள். முய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

கொஞ்சம் ஓய்ந்த பிறகு லுவா கேட்டாள்: "வரலாறு முடிஞ்சதும் என்ன வாசிப்ப?"

"பாட்டு போடுவேன். அப்புறம் துயரச் செய்தி இருந்தா அது."

"துயரச் செய்தியை யாராவது முன்னாடி பாப்பாங்களா?"

"சாவு வீட்டுத் தாளை யாரு பாக்குறா? படிவத்துல எழுதிக் குடுப்பாங்க, நான் வாசிப்பேன். சாவு வீட்டுக்காரங்க குடுத்தா மறுக்கக் கூடாதுன்னே உத்தரவு இருக்கு." சொல்லி முடிக்கும்போதே முய்க்குப் புரிந்துவிட்டது. 

"ரெண்டு படிவம் இருக்குல்ல? சாதாரண ஆளுக்கு ஒண்ணு, கட்சிக்காரருக்கு ஒண்ணு. எனக்குக் கட்சிக்காரர் படிவம் ஒண்ணு வேணும்."

முய் சிவப்பு அட்டையைத் தடவினாள். அவளுக்கும் ஒரு தாத்தா இருந்தார், அந்த ஐந்து நிலப்பிரபுக்களில் மூன்றாவது ஆள், அவரைப் பற்றி அவள் வீட்டில் பேச்சே எடுக்க மாட்டார்கள்.

"நான் வாசிக்கிறவ பெரியம்மா," என்றாள் கடைசியில். "தாள்ல இருக்கிறததான் வாசிப்பேன்."

புதன்கிழமை காலை பனியில் கம்பத்தின் உச்சியே தெரியவில்லை. லுவா அடுப்பை மூட்டவில்லை. தலையில் துக்கத்துக்கான வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, ஊதுபத்திக் கட்டையும் மண்சட்டியையும் எடுத்துவந்து கம்பத்தடியில் செங்கல் மேல் உட்கார்ந்தாள். மூன்றாவது அத்தியாயம் தொடங்கியது. முய்யின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ஒருவரை மக்கள் மேடைமுன் நிறுத்திக் கணக்குத் தீர்த்தனர். அந்த ஒருவரின் பதினொரு வயது மகளே. எல்லாம் வந்து போனது. குயெத் அவளைப் பற்றிய வரியை எடுத்துவிடுவதாகச் சொன்னதும் பொய்தான். பிறகு சாவுக்குப் போடுகிற அந்த மெதுவான இசை வந்தது. ஊரில் அது கேட்டால் குழம்பு கிண்டுகிறவள்கூட அகப்பையை நிறுத்துவாள்.

"துயரச் செய்தி. லாக் சாங் கட்சிக் குழுவும், ஊர் மன்றமும், குடும்பத்தாரும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவித்துக்கொள்வது. இவ்வூரின் முதல் கட்சிக் கிளையைத் தொடங்கிய மூவரில் ஒருவரான தோழர் தியெம் அவர்கள், வயது நாற்பத்து மூன்று, கட்சி வயது ஒன்பது, 1955ஆம் ஆண்டு டிசம்பர் எட்டாம் தேதி மாலை, செங்கற்சூளைக்குப் பின்னால் சுடப்பட்டு இயற்கை எய்தினார்."

இயற்கை எய்தினார் என்பது படிவத்தில் அச்சடித்தே இருக்கிறது. அதை மாற்ற முய்க்கு என்ன அதிகாரம்?

"அஞ்சலி செலுத்த விரும்புவோர் அன்னாரது இல்லத்துக்கு வருமாறு மகள் லுவா கேட்டுக்கொள்கிறார்." முய் இதையும் வாசித்தாள். வழக்கம்போல இரண்டு தடவை வாசித்தாள்.

முய்யை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாலாவது அத்தியாயத்தை ஓர் ஆண் குரல் வாசித்தது. குயெத்துக்குச் சட்டையில் பதக்கம் குத்தினார்கள், கை தட்டினார்கள், கட்டில் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கட்சிக்கு ஒரு மயிரும் உதிரவில்லை. அதெல்லாம் பிறகு நடந்தது. அந்தப் புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு முன்னால் ஆள் வரத் தொடங்கிவிட்டது.

துயரச் செய்தி கேட்டால் ஊதுபத்தி எடுத்துக்கொண்டு போவது ஊர்ப் பழக்கம். சிலர் பெயரைக் கேட்டுத் தெரிந்தே வந்தார்கள், தலையை நிமிர்த்தாமல் பத்தி குத்திவிட்டுப் போனார்கள். சிலர் பாதித் தூக்கத்தில் வந்தார்கள். மண்சட்டி நிறைந்து, ஒரு டோஃபுப் பானையில் மணல் போட்டு வைத்தார்கள். பாங் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார், தேன் எல்லாம் வற்றிப்போயிருந்தது.

"என்ன அத்தை இது? பொய்ச் செய்தி குடுக்கிறது குற்றம், தெரியுமா? உடனே மறுப்புப் போடணும்!"

லுவா எழுந்திருக்கவில்லை. "போடுங்க. செத்தது பொய்யா, சுட்டது பொய்யா, தோழர்ங்கிறது பொய்யா? மூணுல எது பொய்னு எழுதி, முத்திரை வச்சுக் குடுங்க. கம்பத்துல நானே வாசிக்கிறேன்."

பாங் சுற்றிலும் பார்த்தார். முப்பது பேர் நின்றார்கள். பின்னாலிருந்து யாரோ ஒரு பொம்பளை அவர் கையில் எரிகிற ஊதுபத்தி ஒன்றைச் சொருகினாள். சாவு வீட்டு முற்றத்தில் எரிகிற பத்தியைக் கீழே போட்டுவிட்டுப் போக முடியுமா? பாங் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பானையில் குத்தினார். குத்தும்போது குனியத்தான் வேண்டியிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லோருக்கும் கடைசியாக எதிர்வீட்டு மன் கிழவி கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். எண்பத்தெட்டு வயது, காது சுத்தமாக மந்தம். இசை மட்டும் காதில் விழுந்திருக்கிறது. பழக்க தோஷத்தில் ஊதுபத்தியோடு வந்துவிட்டாள். லுவாவின் வெள்ளைத் துணியைப் பார்த்ததும் திகைத்துப்போய் அவள் தோளைப் பிடித்தாள்.

"யாருடி லுவா? யாரு போனது?"

சுற்றி நின்றவர்கள் லுவாவைப் பார்த்தார்கள். எங்க வீட்டு ஆம்பள என்று சொல்லலாம். அம்மாவோட வீட்டுக்காரர் என்று சொல்லலாம். லுவா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள்.

"எங்க ஐயா," என்றாள்.

கிழவி காதை அவள் வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தாள். "கேக்கலடி. சத்தமாச் சொல்லு."

"ஐயா! எங்க ஐயா!"